ஊசி நிற்கவே இல்லை

ஊட்டியை அடுத்த தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து ஒன்றில், பூத்தையல் போடும் பெண்களோடு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல் ஓடுகிறது. மாதிரி வரைவதில்லை, இழைகளை எண்ணித்தான் தையல். மூத்தவர் பேசும்போதும் அவர் கட்டைவிரல் இழைகளைத் தடவி எண்ணிக்கொண்டே இருந்தது. இந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. “பெயர் வந்தது, சரி. கூலி?” என்று நேராகவே கேட்டார். எனக்கு மனம் கனத்துவிட்டது.

எருமைப்பால் கடையும் இடமே தோடர்களுக்குக் கோயில்; அதற்குள் தோடர் பெண்கள் போவதில்லை. “வருத்தமில்லையா பாட்டி?” என்றேன்.

“உண்டு. அதை எங்களுக்குள் பேசிக்கொள்வோம். உங்கள் ஊர்க் கோயில் கருவறைக்குள் நீ போகிறாயா, கண்ணு?”