பாடினது யாரு பெரியப்பா?

பெருமாள்புரத்தில் அண்ணன் கட்டிய வீட்டுக்குப் பிரதிஷ்டை நல்லபடியாக முடிந்தது. பிரியாணியைக் குறை சொல்ல முடியாது. தாளிச்சாவில் மாங்காய்ப் புளிப்புதான் கொஞ்சம் தூக்கல். பெரியப்பா மட்டும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். காரணம், போனி எம் என்ற பழைய டிஸ்கோ குழு.

பெரியப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? 1978-க்குப் பிறகு உலகத்தில் பாட்டு என்று எதுவும் வரவில்லை என்பது அவர் கட்சி. அந்த வருஷம் போனி எம்மின் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' இங்கிலாந்தில் ஐந்து வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது, இறங்க ஆரம்பித்ததும் அதே இசைத்தட்டின் மறுபக்கத்துப் பாட்டு பிய்த்துக்கொண்டு கிளம்பியது, தட்டு இருபது லட்சத்துக்கு மேல் விற்றது, அப்புறம் 'மேரீஸ் பாய் சைல்ட்' வந்து அந்தக் கிறிஸ்துமஸின் முதலிடத்தையும் தட்டிக்கொண்டு போனது. இதையெல்லாம் ஏதோ இவரே சைக்கிளில் வைத்து வீடு வீடாக விற்ற மாதிரி சொல்வார். அப்போது அவர் காலேஜ். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த டூ-இன்-ஒன், பாளையங்கோட்டையிலேயே அகலமான பெல்பாட்டம். அவர் நடந்து போன தெருவைத் தனியாகப் பெருக்க வேண்டியதில்லை என்று அத்தை இன்றைக்கும் சொல்வாள்.

ஆக, பிரதிஷ்டைக்கு ஐயர் (எங்கள் ஊரில் சர்ச் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வந்து இறங்கும்போது ஸ்பீக்கரில் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' ஓட வேண்டும் என்று பெரியப்பா உத்தரவு போட்டுவிட்டார். கீர்த்தனை போடலாமே என்று மைனி, அதாவது அண்ணன் மனைவி, மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் தயாராக வந்திருந்தார். "அது சங்கீதம் 137. வேதப் புஸ்தகத்தை எடுத்துப் பாரு. நடுவுல 19-ம் சங்கீதம் கடைசி வசனமும் வருது. ஐயர் பிரசங்கத்துக்கு முன்னாடி சொல்லுவாரே, என் வாயின் வார்த்தைகளும்னு, அதேதான்." எல்லாம் உண்மை. மைனிக்கு வேறு வழியில்லை. ஜமைக்காவில் த மெலோடியன்ஸ் என்ற குழு 1970-ல் இதை முதலில் பாடியபோது, ரஸ்தஃபாரி என்ற அந்த ஊர் மதத்துக்காரர்களின் வார்த்தைகள் இருக்கின்றன என்று அங்கே வானொலியில் தடை போட்டிருக்கிறார்கள். அப்போதும் 'ஐயா, இது பைபிளில் இருக்கிறது' என்று சொல்லித்தான் தடையை நீக்க வைத்தார்களாம். ஆக, பெரியப்பாவின் வாதம் ஏற்கெனவே ஒரு தீவில் ஜெயித்த வாதம்.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். 137-ம் சங்கீதம் வீடு வாசலை இழந்தவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற சங்கீதம். அதைப் போட்டுப் புது வீட்டுக்குள் போவதா? அண்ணனிடம் கேட்டேன். "லோன் பேப்பர்ல கையெழுத்துப் போட்ட அன்னைக்கே நான் அங்கதாம்ல உக்காந்திருக்கேன்" என்றான்.

ஐயர் வந்தார். வாசலில் ரிப்பன். மைனி கையில் கத்தரிக்கோல் வைத்த தட்டு. போன் அண்ணன் மகனிடம். பாபிலோன் ஆறு ஓடி முடிந்தது. ஐயர் வேதப் புஸ்தகத்தைத் திறந்தார். அடுத்த பாட்டை நாம் போட வேண்டும் என்ற மரியாதையெல்லாம் இந்தக் காலத்துப் போன்களுக்கு ஏது? அதுவே ஒன்றை எடுத்துப் போட்டது. போட்டது 'ரஸ்புடின்'.

தெரியாதவர்களுக்கு: ஒரு ரஷ்யச் சாமியார், ஒரு மகாராணி, அவர்களுக்குள் இருந்ததாக ஊர் பேசிய சங்கதி. 1978 டிசம்பரில் போனி எம் மாஸ்கோவுக்குப் போனபோது மற்றதை எல்லாம் பாடுங்கள், இது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சோவியத் யூனியன் தாங்காத பாட்டை பெருமாள்புரம் தாங்க வேண்டியதாகிவிட்டது. போன் பூட்டிக்கொண்டது. அது மைனியின் போன், விரல் ரேகை கேட்கிறது. மைனியின் இரண்டு கையும் தட்டில். தட்டை வாங்க அத்தை பாய, அத்தையின் சேலையை யாரோ மிதிக்க, அதற்குள் ஸ்பீக்கரில் ரஸ்புடினுக்கு ஒயினில் விஷம் வைத்து, அது போதாமல் சுட்டும் முடித்துவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்றதால் ஒன்றைப் பார்த்தேன். வெள்ளை அங்கிக்குக் கீழே ஐயரின் செருப்பு தாளம் தப்பாமல் தட்டிக்கொண்டிருந்தது. ஐயரம்மாவும் பார்த்தார்கள். பாட்டு முழுசாக முடிந்த பிறகு ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாம் ஜெபிப்போம்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

பந்தியில் பெரியப்பா பெருமை தாங்காமல், "பாபி ஃபாரெல் குரலைக் கேட்டியா? அடிவயித்துல இருந்து வருதுல்லா!" என்றார். போனி எம்மில் ஆடிக்கொண்டே பாடுகிற மாதிரி தெரிவாரே, அவர்தான் ஃபாரெல். அது அவர் குரல் இல்லை என்று நான் சொன்னேன். உலகமே அறிந்த விஷயம். அந்தக் கட்டைக் குரல் ஃபிராங்க் ஃபாரியன் என்ற ஜெர்மன் தயாரிப்பாளருடையது. 1975-ல் முதல் பாட்டை அவர் தானே ஸ்டுடியோவில் பாடி போனி எம் என்று பேர் வைத்து வெளியிட்டார். டிவியில் வந்து பாடு என்று கூப்பிட்டபோதுதான் ஆள் சேர்த்தார். நாலு பேரில் தட்டுகளில் உண்மையாகப் பாடியது லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும்தான். ஃபாரெல் ஆடினார், வாயசைத்தார்.

பெரியப்பா கையில் எலும்பு அப்படியே நின்றது. "ஏல, நீ பொறக்கதுக்கு முந்தியே பாத்தவம்ல நான்." சட்டைப் பித்தானை வயிறு வரை கழற்றிவிட்டு காலேஜ் டேயில் ஃபாரெல் மாதிரி சுழன்று விழுந்து சோப்பு டப்பா பரிசு வாங்கியவர் அவர். அந்த சோப்பு டப்பா இன்னும் குளியலறையில் இருக்கிறது. யாரும் அதில் சோப்பு வைக்கக் கூடாது.

எதிர்ப் பந்தியில் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அதே காலத்து இன்னொரு குழுவான பீ ஜீஸ் கட்சி. அண்ணன் தம்பிக்குள் வயல் தகராறு வந்ததில்லை, இதுதான் வரும். நியாயம் எல்லோருக்கும் பொது என்பதால் சித்தப்பாவுக்கும் ஒன்று சொன்னேன். 1978 பிப்ரவரியில் அமெரிக்காவில் நாலு வாரம் முதலிடத்தில் இருந்த 'ஸ்டேயிங் அலைவ்' பாட்டுக்கு டிரம்ஸ் வாசிக்க ஆளே இல்லை. டிரம்மர் குடும்ப அவசரம் என்று ஊருக்குப் போய்விட்டார். 'நைட் ஃபீவர்' பதிவிலிருந்து இரண்டே இரண்டு தாளச் சுற்றை எடுத்து, டேப்பை வளையமாக, அதாவது லூப்பாக, ஒட்டி, அதையே சுற்ற விட்டார்கள். தட்டில் டிரம்மர் பெயர் பெர்னார்ட் லூப் என்று விளையாட்டாகப் போட, அப்படி ஒருவர் இருப்பதாக நம்பி வேலைக்குக் கூப்பிட ஆள் தேடியிருக்கிறார்கள். சித்தப்பாவும் சிரிப்பை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னை முறைத்தது இதுதான் முதல் தடவை.

அப்போது பெரியம்மா தயிர்ப் பச்சடி வைத்துக்கொண்டே, "வாயசைச்சா என்னவாம்? இவுக கொயர்ல இத்தன வருஷமா வேற என்ன செய்தாக? கொயர் மாஸ்டரே கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிட்டாரு, அண்ணாச்சி நீங்க வாய மட்டும் அசைங்கன்னு" என்றாள். டெனர் வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பாரே, அவ்வளவும்!

அன்றிலிருந்து பேச்சு இல்லை, வாட்ஸாப் மட்டும். விடிகாலையில் ஃபாரெல் வீடியோ வரும், கூடவே 'உதட்டைப் பார்' என்று ஒரு வரி. பார்த்தேன். உதடு கச்சிதமாகத்தான் பொருந்துகிறது. அதுதானே அந்த மனுஷன் வேலை?

சமாதானத்துக்கு நானும் ஒரு தகவல் அனுப்பினேன். ஃபாரெல் இறந்தது 2010 டிசம்பர் 30, செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் ஒரு ஓட்டல் அறையில். முந்தின ராத்திரிதான் மேடையேறியிருந்தார். ரஸ்புடினை 1916-ல் கொன்றதும் அதே ஊரில், அதே தேதியில். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. ராத்திரி வெகுநேரம் கழித்து வந்தது: 'வயசு என்ன?' 61 என்றேன். 'அந்தக் குளிர்ல, அந்த வயசுல ஆடியிருக்கான். பாட்டு எவன் பாடினா என்னல, மூச்சு வாங்கினது அவனுக்குத்தான.'

இனி ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போகலாம் என்று நினைக்கிறேன். ஒரு சிக்கல்தான். இதே ஃபாரியன் பத்து வருஷம் கழித்து இதே வேலையை மிலி வனிலி என்ற ஜோடியை வைத்துச் செய்தார். குட்டு உடைந்து, கொடுத்த கிராமி விருதை 1990-ல் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த கேசட்டும் பெரியப்பா அலமாரியில், கண்ணாடிக்குப் பின்னால், பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி நான் வாயைத் திறப்பதாக இல்லை.