கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவுல கிணத்துத் தண்ணி அளந்த அனுபவம்

எம்.எஸ்சி ஜியாகிரபி ப்ராஜெக்ட்டுக்கு நான் எடுத்தது, சென்னைல கொட்டிவாக்கத்துல இருந்து ஈஞ்சம்பாக்கம் வரைக்கும் கிணத்துத் தண்ணில உப்பு எவ்ளோ இருக்குன்னு. கிழக்க கடல், மேற்க பக்கிங்காம் கால்வாய், நடுவுல ஒடுக்கமா மணல். கடல விட்டு உள்ள போகப்போக உப்பு குறையும், இதான் என் ஹைப்போதிசிஸ்.

மேப்ல கட்டம் போட்டு ரேண்டம் நம்பர்ல பாயிண்ட் எடுத்தேன். பாதி பூட்டின பங்களா, சிலது நடுரோடு. சரின்னு கேட் தொறந்த வீட்லலாம் எடுத்துட்டு வந்துட்டேன், சாயங்காலம் மேப்ல வெச்சா எல்லாமே கடல் பக்கத்துத் தெரு. கைடு பாத்துட்டு, "இது சாம்பிள் இல்லம்மா, உனக்குக் கதவு தொறந்தவங்க லிஸ்ட்"னாங்க. அவ்ளோத்தையும் விட்டுட்டு, கடலுக்கு இணையா பட்டை பட்டையா பிரிச்சு, ஒவ்வொரு பட்டைலயும் சம எண்ணிக்கைல ரேண்டமா எடுத்தேன். பாயிண்ட்ல கிணறு இல்லன்னா வடக்குப் பக்கம் அடுத்த கிணறு, இத முன்னாடியே எழுதி வெச்சுட்டுதான் கெளம்பினேன், இல்லன்னா மனசு லேசான வீட்டுக்குத்தான் போகும்.

குழாய்த் தண்ணிய மட்டும் நம்பாதீங்க, மேல் டேங்க்ல லாரித் தண்ணி கலந்திருக்கும். கிணத்துல இருந்தே எடுக்கணும், போர்னா மோட்டார கொஞ்ச நேரம் ஓடவிட்டுட்டு பிடிக்கணும், பாட்டில அதே தண்ணில மூணு தடவ அலசணும். இசி மீட்டர (தண்ணி மின்சாரத்த எவ்ளோ கடத்துதுன்னு பாத்து உப்ப சொல்ற கருவி) தினமும் காலைல 1413 மைக்ரோசீமென்ஸ் ஸ்டாண்டர்ட் கரைசல்ல வெச்சு சரிபாத்தேன். நடுவுல மழை வந்தா ரீடிங் மாறிடும்னு எல்லாத்தையும் ஒரே வாரத்துல முடிச்சேன். நீலாங்கரைல ஒரு அக்கா அவங்களே வாளி விட்டு எறச்சுக் குடுத்து, "இப்ப தை மாசம் நல்லாருக்கும், சித்திரைல வந்து பாரு, பருப்பே வேகாது"ன்னாங்க. அதையும் ரீடிங் பக்கத்துலயே எழுதிக்கிட்டேன்.

கடல்ல இருந்து தூரத்துக்கும் உப்புக்கும் தொடர்பு எவ்ளோன்னு ஸ்பியர்மன் கோரிலேஷன் போட்டா கிட்டத்தட்ட பூஜ்யம். அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. மறுநாள் ஸ்கேட்டர் கிராஃப் போட்டப்பதான் தெரிஞ்சுது, கடல்கிட்டயும் உப்பு, கால்வாய்கிட்டயும் உப்பு, நடுப்பட்டை மட்டும் நல்ல தண்ணி! மழைத்தண்ணி மணல்ல இறங்கி உப்புத்தண்ணி மேல லென்ஸ் மாதிரி நிக்கும், நடுவுலதான் அது தடிமன். ஏறிட்டே போனாலோ எறங்கிட்டே போனாலோதான் ஸ்பியர்மன் பிடிக்கும், எறங்கி ஏறுனா பிடிக்காது. மேற்குப் பட்டைய விட்டிருந்தா நான் நெனச்சதுதான் சரின்னு எழுதிக் குடுத்திருப்பேன்.

மேப்புக்கு மொதல்ல சம அளவுக் கோடுதான் (ஒரே அளவு உப்பு இருக்குற எடங்கள சேக்குற கோடு) போட்டேன், பாக்க அழகாதான் இருந்துச்சு, ஆனா கிணறே இல்லாத எடத்துலயும் சாஃப்ட்வேர் தைரியமா கோடு இழுத்திருந்துச்சு. எடுத்துட்டு, கிணறு இருக்குற எடத்துல மட்டும் உப்புக்கேத்த சைஸ்ல வட்டம், கீழ கடல்ல இருந்து கால்வாய் வரைக்கும் ஒரு குறுக்குவெட்டு கிராஃப். வைவால எக்ஸ்டர்னல் ரொம்ப நேரம் பாத்தது அந்த கிராஃபதான்.

சித்திரைக்கு அதே கிணறுங்களுக்கு திரும்பப் போறேன், மொதல்ல அந்த அக்கா வீடு.