வகை எண் 161

13 ஜனவரி 2024, சனி

அப்பாவின் மருத்துவ அறிக்கை திங்கள்கிழமை வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று பொங்கல். ஆனால் மொரீஷியஸில் பொங்கலுக்கு அரசு விடுமுறை கிடையாது. ஆகவே வரலாம். வரவேண்டும்.

சும்மா உட்கார முடியாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவைத்துக்கொண்டேன். பள்ளிக் காலத்தில் சேர்த்த பாட்டெல்லாம் அதில்தான் கிடக்கிறது. பாதிக்குப் பாடியவர் பெயர் இல்லை. மீதியில் 'வகை' என்ற கட்டம் காலி. ஒழுங்குபடுத்தப் போகிறேன்.

14 ஜனவரி, ஞாயிறு

புயலுக்குப் பெலால் என்று பெயர். அதற்குப் பெயரும் உண்டு, எச்சரிக்கை வகுப்பும் உண்டு. ரேடியோ மணிக்கொரு முறை இரண்டையும் சொல்கிறது. அப்பா ரேடியோவை மடியிலேயே வைத்திருக்கிறார். மெழுகுவர்த்தி வாங்கியாயிற்று. ரொட்டி கிடைக்கவில்லை.

வகைக் கட்டத்தில் இன்று தலையைக் கொடுத்தேன். எம்பி3 கோப்பின் வாலில் 128 பைட் இடத்தில் பாட்டின் விவரம் உட்கார்ந்திருக்கிறது. ஐடி3 என்ற இந்த முறை 1996இல் வந்தது. அதில் வகைக்கு ஒதுக்கியது ஒரே ஒரு பைட், எனவே வகையைச் சொல்லாக எழுத முடியாது, எண்ணாகத்தான் போட முடியும். முதல் பட்டியலில் 80 வகைகள், 0 முதல் 79 வரை. ப்ளூஸ் 0. ராக் 17. எதிலும் சேராததற்கு 12, அதாவது 'மற்றவை'. எமோ, அதாவது பங்க் ராக்கிலிருந்து கிளைத்த உணர்ச்சிப் பாட்டு, அந்தப் பட்டியலிலேயே இல்லை. வின்ஆம்ப் மென்பொருள்காரர்கள் பட்டியலை நீட்டிக்கொண்டே போய், 2010இல் வந்த பதிப்பில்தான் எமோவுக்கு 161 என்று எண் கொடுத்தார்கள். பாங்ராவுக்குக்கூட 151 கிடைத்திருக்கிறது. நம் தீவின் பாட்டும் ஆட்டமுமான சேகாவுக்கு ஒன்றும் இல்லை. யுனெஸ்கோ 2014இல் மொரீஷியஸ் சேகாவைத் தன் பட்டியலில் ஏற்றியது. வின்ஆம்ப் ஏற்றவில்லை.

எமோ: 1985இல் பிறந்த பிள்ளைக்கு 2010இல் பிறப்புச் சான்றிதழ்.

15 ஜனவரி, திங்கள்

பொங்கல். போர்ட் லூயியில் தெருவில் கார்கள் மிதக்கின்றன. அண்ணன் அங்கேதான் வேலை. பிற்பகல் வரை தொலைபேசி எடுக்கவில்லை. இரவு வந்தான், இடுப்பு வரை சேறு. செருப்பு இல்லை. பக்கத்துத் தீவான ரியூனியனில் நிலைமை இன்னும் மோசம், அங்கே ஊதா எச்சரிக்கை, அதற்கு மேல் வகுப்பே இல்லை. இங்கே ஊரடங்கு.

பால் பொங்கியது, வீட்டுக்குள்ளே, கேஸ் அடுப்பில். அறிக்கை பற்றி யாரும் பேசவில்லை.

16 ஜனவரி, செவ்வாய்

மாலையில் கோவிலில் கொடி ஏறியது. காப்புக் கட்டிக்கொண்டேன். காவடி எடுக்கப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னபோது சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கறுப்பு உடுத்தக் கூடாது, தெரியுமல்லவா?" என்றார். இவ்வளவுதான் கேட்டார்.

அலமாரியைத் திறந்தால் தெரிகிறது பிரச்சினை.

17 ஜனவரி, புதன்

தூக்கம் இல்லை. எழுதிவிட்டுப் படுக்கலாம்.

ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவுக்கு 161 போடலாமா கூடாதா என்பதில் இரவு பதினோரு மணி முதல் சிக்கியிருக்கிறேன். வாஷிங்டன் நகரத்துப் பையன்கள். 1985இல் ஒரே ஒரு முழு ஆல்பம் கொண்டுவந்தார்கள், 1986 தொடக்கத்தில் கலைந்துபோனார்கள். எமோவின் மூலவர் யார் என்று எவரைக் கேட்டாலும் இவர்களைத்தான் காட்டுவார்கள். பாடியவர் கீ பிச்சியோட்டோ. தன் குழு எமோ என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அதே ஊரில் எம்ப்ரேஸ் குழுவில் பாடிய இயன் மெக்காய், அந்தப் பெயர் கிளம்பிய காலத்திலேயே மேடையில் நின்று அதைத் திட்டித்தீர்த்தார். இருபது வருடம் கழித்து மை கெமிக்கல் ரொமான்ஸ் குழுவின் பாடகர் ஜெரார்ட் வே. உலகத்துப் பத்திரிகையெல்லாம் எமோவுக்கு இவர் முகத்தைத்தான் போட்டது. 2007இல் ஒரு கல்லூரிப் பத்திரிகையிடம் அவர் சொன்னதும் அதேதான், எமோ வெறும் குப்பை.

தொடங்கியவரும் இல்லை என்கிறார், உச்சத்தில் இருந்தவரும் இல்லை என்கிறார். அப்படியானால் இருந்தது யார்? பெயர் வைத்தவர்கள் எல்லாம் வெளியே நின்றவர்கள். உள்ளே போன எவரும் அந்தப் பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. ரோஸ்ஹில் பஸ் நிலையத்தில் ஒரு கண்ணை முடி மறைக்க நின்ற நாங்களும் அப்படித்தான். யாராவது எமோ என்றால் மூஞ்சியில் அடித்ததுபோல இருக்கும், உடனே மறுப்போம். அவர்கள் போன பிறகு, எங்களில் யார் உண்மையில் எமோ இல்லை என்று சண்டை போடுவோம். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தச் சண்டையில்தான் எனக்கு இருந்த ஒரே தோழி போனாள்.

161 போட்டுவிட்டேன். பிச்சியோட்டோ மன்னிக்கட்டும்.

18 ஜனவரி, வியாழன்

பகலில் தொலைபேசி ஒரு முறை அடித்தது. காப்பீட்டுக்காரர்கள், அண்ணனின் கார் பற்றி.

19 ஜனவரி, வெள்ளி

அண்ணன் மகள் வந்திருந்தாள். பதினைந்து வயது. மெட்ரோவில் இறங்கி மழையிலேயே நடந்து வந்திருக்கிறாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு, நகத்தில் கறுப்பு, உள்ளே வந்ததும் முதல் சொல்: "அத்தை, நான் எமோ."

வணக்கம் சொல்வதுபோல அவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள். எனக்கு எரிச்சல் வந்தது. மை கெமிக்கல் ரொமான்ஸ் 2013இல் கலைந்தபோது இவளுக்கு நான்கைந்து வயது இருந்தால் அதிகம். 2019இல் மீண்டும் சேர்ந்தார்கள், இவள் அதற்குப் பிறகு வந்தவள். 2022இல் லாஸ் வேகாஸில் பழைய குழுக்களையெல்லாம் திரட்டி ஒரு விழா நடந்தது. முதல் நாள் நிகழ்ச்சியைக் காற்று பலமாக வீசியதால் ரத்து செய்துவிட்டார்கள். அந்தக் கதையை என்னிடமே சொல்கிறாள், நான் கேள்விப்படாததுபோல.

நிஜமானவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்றேன்.

"சொன்னால் பொய், சொல்லாவிட்டால் மெய்யா? அப்புறம் உங்கள் காலத்தில் ஒருவரை ஒருவர் எப்படித்தான் கண்டுபிடித்தீர்கள்?"

பார்த்தாலே தெரியும் என்றேன். அதற்கு அவள் தன் நகத்தைக் காட்டினாள்.

பதில் வரவில்லை. சமையலறைக்குப் போய்விட்டேன். ரசத்தில் உப்பு அதிகம், விரதக் காலத்தில் ருசி பார்க்கவும் வழியில்லை.

20 ஜனவரி, சனி

அப்பாவுக்கு இரவெல்லாம் இருமல்.

2008 நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அந்த வருடம் எமோ என்றால் தற்கொலை என்று பெரியவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். லண்டனில் டெய்லி மெயில் பத்திரிகை எழுதிய எழுத்தைக் கண்டித்து மே 31 அன்று மை கெமிக்கல் ரொமான்ஸ் ரசிகர்கள் அதன் அலுவலகத்தின் முன்னால் கூடினார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், சிலர் அம்மாக்களோடு. அதற்கு முன்பே மார்ச் மாதத்தில் மெக்சிகோவின் கெரேத்தாரோ நகரில் ஒரு கும்பல் எமோ பிள்ளைகளைத் தேடிப்போய் அடித்தது. அடித்தவர்களில் பங்க் பையன்களும் உண்டு என்று படித்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. 2012இல் பாக்தாதில் அடிப்பதோடு நிற்கவில்லை, கொன்றார்கள். இறுக்கமான சட்டையும் முடி வெட்டிய விதமும் போதுமாக இருந்தது. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் தங்களை எமோ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்? யாரும் கேட்கவில்லை.

இவள் நகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தானா?

அப்பா அந்த வருடம் என் கறுப்புச் சட்டைகளை மூட்டையாகக் கட்டி யாருக்கோ கொடுத்துவிட்டார். இன்று வரை இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

21 ஜனவரி, ஞாயிறு

மூட்டையில் சிவப்புக் கோடு போட்ட கையுறையும் இருந்தது. அதைத்தான் கேட்க வேண்டும்.

22 ஜனவரி, திங்கள்

மீண்டும் திங்கள். "புயலால் தாமதம்." சரி.

அப்பா இன்று தெம்பாக இருந்தார், அதனால் வாதம் செய்தார். இந்த வருடம் தேர்தல் வரவேண்டும், பேச்சு அங்கே போயிற்று. 1968 அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி இந்த நாட்டில் நான்கு சமூகங்கள்: இந்து, முஸ்லிம், சீன மொரீஷியர். வாழ்க்கை முறையைப் பார்த்தால் இந்த மூன்றில் ஒன்று என்று தோன்றாதவர் எல்லாரும் 'பொதுமக்கள்', அதுவே நான்காவது. வேட்பாளர் தன் சமூகத்தை எழுதிக்கொடுக்க வேண்டும், தோற்றவர்களில் எட்டுப் பேருக்கு அந்தக் கணக்கில்தான் இடம் கிடைக்கும். கணக்கோ 1972 கணக்கெடுப்போடு நின்றுபோனது, அதற்குப் பிறகு சமூகம் எது என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். எழுத மாட்டோம் என்றவர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போய் 2012இல் வென்றார்கள். 2014 தேர்தலுக்கு மட்டும் எழுதாமலும் நிற்கலாம் என்று விட்டார்கள்.

தமிழர் இதில் எங்கே? இந்துவுக்குள். அப்பாவுக்கு அது பிடிக்காது. சட்டமே முட்டாள்தனம், மனிதனுக்கு எதற்குப் பெட்டி என்று இன்றும் சொன்னார். ஆனால் 1998இல் புதிய ரூபாய்த் தாளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சடித்தபோது கொதித்தவர்களில் இவரும் ஒருவர். அந்தத் தாள்களை அரசு திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நினைவூட்டினேன்.

"அது வேறு," என்றார்.

எப்படி வேறு என்று கேட்டேன். "நாமே சொல்லிக்கொள்வது வேறு, அவன் எழுதிவைப்பது வேறு," என்றார். பிறகு இருமல் வந்துவிட்டது.

அண்ணன் மகள் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாள். 'வாழ்க்கை முறையைப் பார்த்தால்' என்ற அந்த வரி என்னை விடவில்லை. யார் பார்த்தால்?

23 ஜனவரி, செவ்வாய்

சன்னி டே ரியல் எஸ்டேட், 1994. ஆல்பத்தின் பெயரே நாட்குறிப்பு. 161.

24 ஜனவரி, புதன்

நாளை.

அந்தக் குழுவில் பாடிய ஜெரமி எனிக் கிறிஸ்தவ விசுவாசத்துக்குள் போனார், 1995இல் குழு உடைந்தது. கத்திக் கத்திப் பாடிய ஒருவர் மண்டியிடுவதை ரசிகர்கள் பலரால் தாங்க முடியவில்லை. எனக்கு அது கேள்விப்பட்டபோதே புரிந்தது. எந்தப் பக்கம் கத்தினால் யாராவது கேட்பார்கள் என்று தேடுகிறவர்தானே அவர்.

பதினாறு வயதில் உதட்டில் வளையம் போட்டுக்கொண்டு வந்தபோது வீட்டில் சாவு விழுந்ததுபோல அழுதார்கள். நாளை நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்திக்கொள்ளும்போது அதே சித்தி கற்பூரம் காட்டுவாள். குறையாகச் சொல்லவில்லை. சித்தியிடம் சொன்னேன், அவளே சிரித்தாள். "அதற்கு முருகன் இருக்கிறான், இதற்கு யார் இருந்தார்கள்?" என்றாள்.

இருந்தார்களே. நான்கு பேர் இருந்தோம்.

25 ஜனவரி, வியாழன்

காவடி. பால் திரியவில்லை. தலை முதல் கால் வரை இளஞ்சிவப்பு உடுத்தியிருந்தேன், தெருவெல்லாம் அதே நிறம், தார் கொதித்தது. கூட்டத்தில் ஒரு பெண் என்னையே பார்த்தாள், அவளாகத்தான் இருக்க வேண்டும், வாயில் வேல் இருந்ததால் கூப்பிட முடியவில்லை. ஏழு கறி, வாழை இலை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டாம் முறை சோறு வாங்கினார்.

எழுத முடியவில்லை, நாக்கு வீங்கியிருக்கிறது. நாக்குக்கும் எழுதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை, ஆனால் முடியவில்லை.

27 ஜனவரி, சனி

அண்ணன் மகள் டிஸ்க்கைக் கேட்கிறாள். அட்டவணையைப் பார்த்துவிட்டு, இந்தக் குழுவுக்கு ஏன் 161, அந்தக் குழுவுக்கு ஏன் 12 என்று ஒவ்வொன்றாகச் சண்டை. ஜிம்மி ஈட் வேர்ல்டில் மட்டும் ஒரு மணி நேரம் போயிற்று. 17 என்றேன். ஒப்புக்கொள்ளவே இல்லை. தொண்டை கட்டும் வரை கத்தினோம். அப்பா உள்ளேயிருந்து, "என்ன எண் அது, லாட்டரியா?" என்றார்.

29 ஜனவரி, திங்கள்

அறிக்கை தயாராம். நேரில் வரச் சொல்கிறார்கள். தொலைபேசியில் சொல்ல மாட்டார்களாம். அண்ணன் வண்டி கேட்கப் போயிருக்கிறான். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு, எது போடுவது என்று என்னைக் கேட்கிறார்.