காமாவும் கால்களும்

மார்ச் 4, செவ்வாய்

மண்டையில் மின்முனை பொருத்திய சுண்டெலிகளுக்குத் தையல் ஆறிவிட்டது. பாதி சாதாரணம், பாதி எஃப்எம்ஆர்1 மரபணு நீக்கியவை. எது எது என்று எனக்குத் தெரியாது, பட்டியல் ஜூனியரிடம். கூண்டறை அண்ணன் சாவிக்கொத்தைத் துணியில் சுற்றித்தான் எடுத்து வருகிறார். இந்த மரபணு இல்லாத குட்டிகளுக்குப் பலத்த சத்தத்தில் வலிப்பு வரும் என்று சொன்னதிலிருந்து அப்படி.

"ஆட்டிசம் எலியாடா?" என்று அம்மா போனில் கேட்டாள். அப்படி ஓர் எலி கிடையாது. 1994ல் டச்சு-பெல்ஜியக் குழு ஒன்று உருவாக்கிய இது, இதே மரபணு முடங்குவதால் மனிதருக்கு வரும் ஃப்ராஜைல் எக்ஸ் என்ற பிறவிக் குறைபாட்டின் மாதிரி. அக்குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு ஆட்டிசம் உண்டு, எல்லோருக்கும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

முதல் பதிவு. 50 ஹெர்ட்ஸில் தென்னைமரம் மாதிரி ஒரு கோடு. மூளை இல்லை, கரண்ட்! நான் தேடும் காமா, மூளையின் வேகமான மின் அலை, 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை. நம் மின்சாரத்தின் 50 அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வடிகட்டினால் தேடும் சரக்கிலும் ஒரு கீற்று போய்விடும். மத்தியானம் முழுக்கத் தேடினேன். கம்பிக்கூண்டின் எர்த் கிளிப் பெயின்ட்டின் மேல் கவ்விக்கொண்டிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் கோடு படுத்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

பட்டியலைப் பிரித்தோம். மரபணு நீக்கியவற்றில் காமா தூக்கல். ஃப்ராஜைல் எக்ஸ் உள்ள மனிதர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்த இ.இ.ஜி.யிலும் (தலைமேல் மின்முனை ஒட்டி எடுக்கும் மூளை அலைப் பதிவு) இப்படித்தான் பதிவாகியிருக்கிறது. எலி எலியை மோப்பம் பிடிப்பதை மனித நட்போடு ஒப்பிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும். ஆனால் அலையை எலி, மனிதர் இரு பக்கமும் ஒரே கோலால் அளக்கலாம்.

மூளையின் மேலடுக்கான புறணியில், பார்வால்புமின் என்ற புரதம் கொண்ட நியூரான்கள்தான் காமாவுக்குத் தாளம் போடுபவை: அண்டை நியூரான்களை ஒருசேர அடக்கி, ஒருசேர விடுவிக்கும். அந்த அடக்கம் தளர்ந்தால் தாளம் கூடாது, இரைச்சல்தான் கூடும். தூக்கலாகத் தெரிவது தாளமா இரைச்சலா என்பது வரைபடத்தை மட்டும் பார்த்தால் தெரியாது.

மார்ச் 14, வெள்ளி

ஆய்வகத் தலைவர் மேடம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஓடிச்சா?"

ஓடும்போது எந்தச் சுண்டெலிக்கும் காமா ஏறும். இவையோ நிலைகொள்ளாமல் ஓடுபவை. நான் அளந்தது மரபணுவையா, கால்களையா? வீடியோவைப் பார்த்து, அசையாமல் நின்ற நொடிகளை மட்டும் பிரிக்கிறேன். வித்தியாசம் இளைத்திருக்கிறது, மறையவில்லை. இத்தனை சில எலிகளை வைத்து அதற்குமேல் பேச முடியாது.

நான்கு எலிகளின் வீடியோ முடிந்தது. ஐந்தாவது நிற்கவே மாட்டேன் என்கிறது.