வாடை திரும்பும் நாட்கள்

அக்டோபர் 9
மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. வாடை இன்னும் எழவில்லை. இலை அசையாத இந்தப் புழுக்கம் சித்திரை வெயிலைவிட மோசம். நாய் உடம்பால் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை இறக்கும். காற்றே ஈரமாக இருந்தால் நாக்கில் உள்ள நீர் எங்கே ஆவியாகும்? நம்ம நாய் செவலையைத் தகரக் கொட்டகையிலிருந்து ஓலைக் கொட்டகைக்கு மாற்றியாயிற்று. தகரத்துக்கு அடியில் உச்சிப்பொழுதில் மனுஷனே நிற்க முடியாது.

தண்ணீர்க் கணக்கு: எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு நாளைக்கு 50 முதல் 60 மி.லி. இவனுக்கு 18 கிலோ, ஆக ஒரு லிட்டர். கிணறு உவர்ப்பு, நக்கிப் பார்த்துவிட்டு விலகிவிடுகிறான். காவிரித் தண்ணீர் வரும் நாளில் இவனுக்கும் ஒரு குடம் பிடித்து வைக்க வேண்டும்.

அக்டோபர் 11
செவலையின் உடம்புச் சூடு 102.2 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு அது சாதாரணம்தான்.

அக்டோபர் 12
103.8. காலைச் சோறு அப்படியே இருக்கிறது. ஈறு வெளுப்பு. விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும், மெதுவாகத்தான் திரும்புகிறது. காதுக்குள் உண்ணி, கழுத்துப் பட்டைக்கு அடியில் உண்ணி, முன்னங்கால் விரலிடுக்கில் ஒன்று.

இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முறுக்கினால் வாய்ப்பகுதி ஒடிந்து உள்ளே நின்றுவிடும். மண்ணெண்ணெய் விடுவதும் ஊதுவத்தியால் சுடுவதும் கூடாது. எடுத்ததை நகத்தில் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போட வேண்டும்.

காய்ச்சல் நெற்றியிலோ மூக்கிலோ தெரியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலம் வைத்து, சத்தம் வரும்வரை பிடித்திருக்க வேண்டும்.

அக்டோபர் 13
ரத்தப் பரிசோதனை: ரத்தம் உறைய உதவும் தட்டணு 58,000. இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். எர்லிச்சியா, உண்ணி பரப்பும் கிருமி என்கிறார் டாக்டர். டாக்சிசைக்ளின் மாத்திரை, 28 நாள்.

இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும், நாய் வாலாட்டும். அங்கேதான் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். கிருமி இருப்பது வெள்ளணுவுக்குள். பாதியில் விட்டால் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து மறுபடி கிளம்பும். மாத்திரையைச் சோற்று உருண்டைக்குள் வைத்து, கூடவே தண்ணீரும் குடிக்க வைக்க வேண்டும். தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். பாலும் தயிர்ச்சோறும் அந்த வேளைக்கு வேண்டாம், சுண்ணாம்புச் சத்து மருந்தை உடம்பில் சேர விடாது.

அக்டோபர் 14
சுவர். நேற்று முழுக்க நாயையே பார்த்துக்கொண்டிருந்தோம், பார்க்க வேண்டியது சுவரை. நாயின் மேல் இருக்கும் உண்ணி கொஞ்சம், மிச்சமெல்லாம் விரிசலுக்குள். குஞ்சு ரத்தம் குடித்துக் கீழே விழும், தோலுரிக்கும், மறுபடி ஏறும். அப்படியே இன்னொரு முறை. கடைசியில் பெண் உண்ணி உப்பி விழுந்து, இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தரையைக் கழுவிவிட்டு முடிந்தது என்று இருக்க முடியாது. இந்த உண்ணிக்கு மேல்நோக்கி ஏறும் புத்தி, சுவர் உச்சியிலும் உத்தரத்து இடுக்கிலும்தான் கூட்டமாக இருக்கும்.

ஓலைக் கொட்டகை வெயிலுக்கு நல்லது, உண்ணிக்கும் நல்லது. பழைய ஓலையை இறக்கி எரித்துவிட்டுப் புது ஓலை போட வேண்டும். விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைத்து, மேலே இரண்டு பூச்சு சுண்ணாம்பு. மருந்து அடித்தால் நன்றாகக் காயும்வரை பூனையை அந்தப் பக்கமே விடக்கூடாது. நாய்க்கு ஒத்துக்கொள்ளும் பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்து பூனைக்கு விஷம். ஃபினாயிலும் அப்படித்தான். கழுவின தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே போதும்.

அக்டோபர் 16
101.6. சோறு தின்றான்.

அக்டோபர் 17
முதல் மழை. தெரு முழுக்கத் தேங்கி நிற்கிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர், எலிக்காய்ச்சலுக்கு அதுவே வழி. தடுப்பூசியை மழைக்கு முன்னாலேயே முடித்திருக்க வேண்டும்: முதல் முறை என்றால் இரண்டு ஊசி, 2 முதல் 4 வார இடைவெளியில், பிறகு வருஷம் ஒன்று. நோயில் கிடப்பவனுக்கு இப்போது போட முடியாது. வெளியே போனால் கயிற்றோடு, தேங்கியதை நக்காமலிருக்க வாசலில் நல்ல தண்ணீர் வைத்துவிட்டு.

அக்டோபர் 19
நாளைக்குத் தீபாவளி. தட்டணு குறைந்த நாய் பயந்து பாய்ந்து எங்காவது இடித்துக்கொண்டால் உள்ளே ரத்தம் கட்டும். இருட்டுமுன் வெளியே கூட்டிப்போய் வந்து, உள் அறையில் கட்டிலுக்கு அடியில் சாக்கு விரித்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்துவிட வேண்டும். கட்டிப் போடக் கூடாது. வெடிச் சத்தத்தில் சங்கிலி கழுத்தை நெரித்துவிடும்.

அக்டோபர் 22
எதிர்வீட்டு மதினி பூனைக்குக் காய்ச்சல் என்று பாரசிட்டமாலை ஒடித்து வைத்திருந்தார். “அரை மாத்திரைதானே தம்பி.” கால் மாத்திரையும் ஆகாது, மதினி. அதை உடைத்துக் கழிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் பழுப்பாகி, மூச்சு வாங்கி, முகம் வீங்கும். நாய்க்கு புரூஃபென் என்ற வலி மாத்திரையும் வேண்டாம், குடலைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும்.

அக்டோபர் 25
வாடை எழுந்துவிட்டது. பாம்பனில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு. கடல் கரையேறி வந்து போயிருக்கிறது, மணலெல்லாம் பாசி, சொறி (ஜெல்லி மீன்), செத்த பேத்தை என்ற விஷ மீன், நரம்பு வலைத் துண்டு. பேத்தையை நாய் கவ்வினால் நரம்பு மரத்து, மூச்சு நின்று போகும். மாற்று மருந்து கிடையாது. கடற்கரைப் பக்கமே போக வேண்டாம்.

குளிருக்குச் சட்டை தைத்துப் போடுகிறார்கள் சிலர். இந்த ஊர்க் குளிருக்கு எதற்கு? நனைந்த சட்டை உடம்போடு ஒட்டினால் பூஞ்சைதான் வரும். விரலிடுக்கையும் காதுமடலையும் பழைய வேட்டியால் துடைத்துக் காய வைத்தால் போதும். சாக்குக்குப் பதில் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகை. தண்ணீர் ஏறும் ராத்திரியில் எந்தப் பிராணியையும் கட்டிப் போட்டிருக்கக் கூடாது.

அக்டோபர் 27
மறுபடி ரத்தம் எடுத்தாயிற்று. இன்றைக்குக் கரண்ட் இல்லை, நாளைக்குத்தான் தட்டணு தெரியும்.

101.4. உத்தரத்து இடுக்கில் கடுகளவில் ஒன்று ஊர்ந்தது. அங்கே சிமெண்ட் போகவில்லை.