கத்திக்கு ஒரு கடிதம்

சிறையிலிருந்து வந்தவன் ஒழுங்காகப் பிழைக்கப் பார்க்கும் கதைகளைச் செப்பனிடும் வேலையில் அடிக்கடி எதிர்ப்படுபவன் பழைய கூட்டாளி. இரண்டாம் பக்கத்தில் கதவைத் தட்டி, "கடைசியா ஒரே ஒரு வேலை" என்பான். அவனைக் கதையிலிருந்தே வெட்டிவிடலாம். கதை கலிபோர்னியாவில் நடந்தால் அந்த மாநிலத்தின் பரோல் விதிகளே போதும். அங்கே பரோல் என்பது விடுப்பு அல்ல, விடுதலைக்குப் பிறகான கண்காணிப்பு.

முதலில் கணக்கு. வெளியே வருபவனுக்குச் சிறை தரும் தொகை 200 டாலர். 1973இல் வைத்தது, இன்னும் ஏறவில்லை. உடுப்பும் பஸ் டிக்கெட்டும் சிறை வாங்கித் தந்தால் அதிலேயே பிடித்துக்கொள்வார்கள். அடுத்த வேலைநாளில் பரோல் அதிகாரி முன் நிற்க வேண்டும். ஆகவே முதல் காட்சியில் அவன் மனம் வேண்டாம், கையிருப்பு போதும். ஒவ்வொரு காட்சி முடிவிலும் அது குறையட்டும்.

வேலை தேடும் காட்சியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். விண்ணப்பத்திலேயே "தண்டனை பெற்றதுண்டா?" என்ற கட்டம் இருப்பதாக எழுதுவது பழைய காலத்துக்குச் சரி. 2018 முதல், ஐந்து பேருக்கு மேற்பட்டோ ஐந்து பேரோ வேலை செய்யும் பெரும்பாலான இடங்களில், வேலை தருவதாகச் சொன்ன பிறகே பழைய வழக்கைக் கேட்க முடியும். மறுப்பதானால் எழுத்தில் சொல்லி, பதில் தர ஐந்து வேலைநாளாவது விட வேண்டும். கதைக்கு இது லாபம். வேலை கிடைத்தது என்று அவன் புது ஷூ வாங்கிய பிறகு மறுப்பு வரும். அந்த ஐந்து நாள்தான் கதையின் நடுப்பகுதி.

நடை பற்றி ஒன்று. "எழுந்து, நடந்து, கதவைத் திறந்து, பார்த்தான்" என்று எச்சங்களைக் கோர்த்தால் வாக்கியம் குழைந்துவிடும். "எழுந்தான். கதவைத் திறந்தான்." முற்றுவினையில்தான் இறுக்கம் நிற்கும். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரத்து ஆளுக்கு வடசென்னைப் பேச்சையும் கொடுக்காதீர்கள். "இன்னா நைனா" என்றதும் வாசகர் காசிமேட்டுக்குப் போய்விடுவார்.

இனி எனக்குப் பிடித்த விதி. பரோலில் இருப்பவன் இரண்டு அங்குலத்துக்கு மேல் அலகுள்ள கத்தி வைத்திருக்கக் கூடாது. வீட்டுச் சமையலறைக் கத்திக்கு விலக்கு உண்டு, அது சமையலறையை விட்டு வெளியே வராதவரை. தொழிலுக்கான கத்தி என்றால் பரோல் அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், வேலை தொடர்பாக மட்டுமே எடுத்துச் செல்லலாம். வாரன்ட் இல்லாமல், சந்தேகம்கூட இல்லாமல் போலீஸ் அவனைச் சோதனை போடலாம்.

கறிக்கடையில் எலும்பு நீக்குபவனின் கத்தி ஆறு அங்குலம். வேலை முடிந்து நேராக பஸ் நிறுத்தத்தில் நின்றால் அவன் தொழிலாளி. வழியில் ஒரு பாரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால், அதே கத்தி அவனைத் திரும்ப உள்ளே அனுப்பலாம். துப்பாக்கியே தேவையில்லை. அதிகாரி தந்த அனுமதிக் கடிதம் ஏப்ரன் பையில் ஐஸ் தண்ணீரில் ஊறிக் கையெழுத்துக் கலைந்திருந்தால் இன்னும் வசதி. ஆனால் ஏப்ரன் பைக்குள் தண்ணீர் ஒழுகுவது கடையின் முதல் காட்சியிலேயே, வேறு காரியமாகப் பேசும்போது வந்துவிட வேண்டும். சோதனைக் காட்சியில் புதிதாக நனைத்தால் வாசகர் எழுத்தாளரின் கையைப் பார்த்துவிடுவார்.