எல்லோரும் கிளம்பும் ஊருக்கு வந்தவர்கள்

யாழ்ப்பாணத்தில் யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "எங்கட பிள்ளையள் எல்லாம் கனடா, லண்டன் எண்டு போகுதுகள். நீங்கள் என்னத்துக்குத் தங்கச்சி இஞ்ச வந்தனீங்கள்?" பாளையங்கோட்டையிலிருந்து ஊழியத்துக்கு வந்திருக்கிறோம் என்றால் சிரிப்பார்கள். அப்புறம் தேத்தண்ணி வரும்.

2018இல் நானும் என் கணவரும் வந்தோம். இவர் பிரசங்கிப்பார், நான் கீபோர்டு வாசித்து, பாடகர் குழுவைப் பழக்குவேன். சின்னச் சபைதான். நல்லூர்ப் பக்கம் பழைய வீடு ஒன்று கிடைத்தது. வீட்டுச் சொந்தக்காரர் டொரொன்டோவில் இருக்கிறார். மாமரம் காய்த்தால் வீடியோ காலில் காட்ட வேண்டும், வாடகையைவிட அவருக்கு அதுதான் முக்கியம். சுண்ணாம்புக்கல் பூமியின் கிணற்றுத் தண்ணீர் கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும். சுரண்டுவது இவர் வேலை. விசா நீட்டிப்புக்காகக் கொழும்புக்கு அலைவது தனிக் கதை, அதை விடுகிறேன்.

பைபிளோடும் பாட்டோடும் இந்தக் கடலைத் தாண்டியவர்களில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் தெல்லிப்பழையிலும், பிறகு வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினார்கள். 1834இல் இங்கிருந்து ஆட்கள் போய்த்தான் மதுரையில் அமெரிக்கன் மிஷன் ஆரம்பமானது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணமும் அதில் சேர்ந்தது. அதனால் தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் இங்குள்ள பெரியவர்களுக்கும் மனப்பாடம். பாட்டுப் புத்தகம் எடுக்காமலே பாடுவார்கள், ஆனால் நிதானமாக. நாங்கள் ஊரில் ரிதம் பேடைத் தட்டிவிட்டு ஓடிய ஓட்டம் இங்கே செல்லாது. ஒரு அம்மா பயிற்சியின் நடுவில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "கெதியாப் பாடினா சொல்லு ஆருக்கு விளங்கும்?"

அவர் சொன்னபடி மெதுவாகப் பாட வைத்தது 2022இன் பொருளாதார நெருக்கடிதான். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. கீபோர்டு மூலையில் கிடந்தது. சபையார் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து ஆர்மோனியம் ஒன்றை இறக்கிக் கொடுத்தார். துருத்தியில் ஓட்டை. இவர் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினார். காற்று கொஞ்சம் கசியத்தான் செய்தது, ஆனாலும் சுருதி நின்றது. பெட்ரோலும் கிடையாது, வீட்டுக் கூட்டங்களுக்கு இவர் முன்னால் மிதிக்க, நான் பின்னால் ஆர்மோனியத்தை மடியில் வைத்துக்கொண்டு போவேன். வழியில் பார்த்தவர்கள் கச்சேரிக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

எனக்கு இங்கே புதிதாக இருந்தது செத்தவீடுகள்தான். பிள்ளைகள் எல்லாரும் வெளியில் இருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் போனைப் பெட்டிக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பான், கை வலித்தால் இன்னொருவன் வாங்கிக்கொள்வான். ஒருமுறை பாரிஸிலிருந்த மகன், "அம்மாவுக்கு விருப்பமான பாட்டை ஒருக்காப் பாடுங்கோ, நானும் பாடுறன்" என்றார். தொடங்கினோம். அவர் குரல் அரை அடி பிந்தி வந்தது. நாங்கள் அடுத்த அடிக்குப் போனால் அவர் முந்தின அடியில் நிற்கிறார். இவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். அதன்பிறகு ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஆர்மோனியத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அவர் பாடி முடிக்கும்வரை காத்திருந்தோம். நாலு நிமிடப் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல் போனது. அடக்கத்துக்கு நேரமாகிறது என்று யாரும் முணுமுணுக்கவில்லை. வேதாகமக் கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

பாடகர் குழுவுக்கும் இதே நிலைதான். ஆண்களின் மேல்குரலான டெனரில் ஒருவனை ஒருவழியாகத் தயார்பண்ணினால் அவனுக்கு விசா வந்துவிடுகிறது. முகம் முழுக்கச் சிரிப்போடு வந்து சொல்லும் பையனிடம் வருத்தத்தைக் காட்ட முடியுமா? ஜெபம் செய்து அனுப்புகிறோம். ஒரு மாதத்தில் அங்கேயுள்ள தமிழ்ச் சபையில் அவன் பாடும் வீடியோ வருகிறது. நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் சரியாக மூச்சு எடுக்கிறானா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இப்போது பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். குரல் இன்னும் உடைந்து முடியவில்லை, காது மட்டும் கூர்மை. சனி பின்னேரம் அவனுக்குக் கணக்கு டியூஷன், ஞாயிறு காலையிலும் ஏதோ ஒரு வகுப்பு. இந்த ஊரில் டியூஷனோடு எந்தச் சபையும் போட்டிபோட முடியாது. அதனால் பயிற்சியை வெள்ளி இரவுக்கு மாற்றியிருக்கிறோம். முடிந்ததும் இவர்தான் அவனை மோட்டார் சைக்கிளில் வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்.